பூனைக்கு அன்பு உண்டா?

“நாய் ஆளை நேசிக்கும், பூனை வீட்டைத்தான் நேசிக்கும்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாயைப் போல் பூனை நம் மேல் தாவிக் குதிப்பதில்லை. கூப்பிட்ட குரலுக்கு எப்போதும் ஓடி வருவதுமில்லை. இதை வைத்து, அதற்கு அன்பே கிடையாது என்று முடிவு கட்டிவிடலாமா?

முதலில் இவ்விரண்டின் முன்னோர்களைப் பார்ப்போம். நாயின் முன்னோர்களான ஓநாய்கள் கூட்டமாக வாழ்ந்தவை. வீட்டுப் பூனையின் முன்னோரோ, தனித்து வேட்டையாடும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. இத்தகைய விலங்கு பிறரை அண்டி வாழ்வது பெரும்பாலும் குட்டிப் பருவத்தில்தான். ஆகவே, குட்டியாக இருந்தபோது தாயிடம் காட்டிய சைகைகள் சிலவற்றை வளர்ந்த பூனை நம்மிடமும் காட்டுகிறது.

வாலும் பாதமும்

தாயைக் கண்ட குட்டிகள் வாலைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு ஓடும். நீங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது பூனை அப்படி வந்தால், அது உங்களை வரவேற்கிறது என்று பொருள். அடுத்து, கன்னத்தை உங்கள் காலில் உரசும். அதன் கன்னத்திலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. அந்த மணத்தைப் பூசி, “இவர் நம்மவர்” என்று அடையாளமிடுகிறது!

மடியில் ஏறி, மாவு பிசைவதுபோல் முன்னங்கால்களால் மாறி மாறி அழுத்துவதும் உண்டு. பால் நன்றாகச் சுரப்பதற்காகக் குட்டி தாயின் மடியை இவ்வாறுதான் அழுத்தும்.

ஆனால், பூனை வாலை இப்படியும் அப்படியும் வேகமாக அடித்தால் மகிழ்ச்சி என்று எண்ணாதீர்கள். அது எரிச்சலின் அறிகுறி. தடவுவதை நிறுத்திவிடுங்கள்.

கண்ணும் குரலும்

“பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?” என்பது பழமொழி. உலகம் இருளாதுதான். ஆனால் உங்களைப் பார்த்துப் பூனை மெல்லக் கண் மூடித் திறந்தால், அது அச்சமின்றி இருக்கிறது எனலாம். 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். வளர்ப்பவர் மெதுவாகக் கண் சிமிட்டியபோது பூனைகளும் பதிலுக்குக் கண்களைச் சுருக்கின.

‘குர்ர்’ என்ற ஒலி குரல்வளையில் பிறக்கிறது. பொதுவாக வினாடிக்கு 25 முதல் 30 அதிர்வுகள். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் அது தொடரும். சுகமாக இருக்கும்போது மட்டுமல்ல, காயமோ நோயோ உற்றபோதும் பூனை இவ்வாறு ஒலிப்பதுண்டு. ஆகவே, உணவைத் தொடாமல் மூலையில் ஒடுங்கியிருக்கும் பூனை ‘குர்ர்’ என்றாலும், கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை.

வீடா, ஆளா?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். 2019-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனைக்குட்டிகளைப் பழக்கமில்லாத அறையில் இரண்டு நிமிடம் தனியே விட்டனர். பிறகு வளர்ப்பவர் உள்ளே வந்தார். ஏறக்குறைய 64 விழுக்காடு குட்டிகள் அவரைக் கண்டதும் பதற்றம் தணிந்து, அவரிடம் வந்துபோய், அறையை ஆராயத் தொடங்கின. அங்கே வீடு இல்லை, ஆள்தான் இருந்தார்!

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பூனை ஓய்வாக இருக்கும்போது சற்றுத் தள்ளி அமருங்கள். உற்று முறைக்காமல், மெல்லக் கண்களை மூடித் திறவுங்கள். அது என்ன செய்கிறது என்று பல நாட்கள் குறித்து வையுங்கள். பூனையின் மொழியில் உங்களுக்கு அதுவே முதல் பாடம்.