சூரைச்செடியின் அடியில்

மனம் உடைந்து வருவோரிடம், "விசுவாசம் குறைந்துவிட்டது, இன்னும் செபியுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல.

கார்மேல் மலையில் வெற்றி கண்ட இறைவாக்கினர் எலியா, ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்திற்கு ஓடினார். ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார் (1 அரசர்கள் 19:1-13). ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உறங்கவிட்டார். வானதூதர் இருமுறை தொட்டெழுப்பி, அப்பமும் தண்ணீரும் தந்தார். அந்த உணவின் வலிமையால் 40 பகலும் 40 இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்த பின்னரே, எலியா அந்த மெல்லிய ஒலியைக் கேட்டார்.

நம் அருகிலும் ஒருவர் இப்படிச் சோர்ந்து கிடக்கலாம். அறிவுரைக்கு முன் அவருக்கு உறக்கமும் உணவும் உடனிருப்பும் தேவை, மருத்துவரும் தேவைப்படலாம். சாக விரும்புவதாகச் சொல்பவரைத் தனியே விடாதிருப்போம். அவரோடு அமர்ந்திருப்பதும் செபமே.