வேனுக்கு ஒரு பிளக் போதாதா?



வடக்குப்பட்டில் நமது மருத்துவ வேன் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு அமைக்கக் காணிக்கை கேட்டிருந்தோம். "வீட்டு வராந்தாவில் பிளக் இருக்கிறதே, ஒயரைச் செருகினால் தீர்ந்தது அல்லவா?" என்று சில அன்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்களும் முன்பு அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

1909-ம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து பெஷோ மோட்டார் காரில் கிராமங்களுக்குப் புறப்பட்டபோது மருந்துப் பெட்டி போதுமானதாயிருந்தது. இன்றைய வேனிலோ இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் குளிர்பெட்டி, இ.சி.ஜி., நெபுலைசர், ஸ்டெரிலைசர், ஏ.சி. எல்லாம் உண்டு. ஒரகடம் கம்பெனித் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து வருவது பெரும்பாலும் இருட்டின பிறகுதான். ஜெனரேட்டரை ஓட்டினால் அதன் இரைச்சலில் டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப்பில் ஒன்றும் கேட்பதில்லை.

ஒரு மழைக்கால மாலையில், அன்புள்ள ஒரு குடும்பத்தார் தங்கள் வராந்தா பிளக்கைக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தரையில் நின்றபடி வேனின் கைப்பிடியைத் தொட்ட நமது நர்ஸ் அலறிக் கையை உதறினார். தேவ கிருபையால் உயிருக்கு ஆபத்தில்லை. அன்றே வேனை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்தோம்.

அவர் சோதித்துக் காட்டியது இதுதான். குளிர்பெட்டியின் ஒயரில் உறை தேய்ந்து, மின்சாரம் வேனின் உடம்பில் ஏறியிருந்தது. டயர்கள் ரப்பர், ஆகவே அது தரைக்குப் போக வழியில்லை. வீட்டுப் பிளக்கின் மூன்றாவது துளையிலும் எர்த் கம்பி இணைக்கப்படவில்லை. ஈரத்தரையில் நின்று தொட்டவரே அந்த வழியானார்.

இன்னொரு குறையும் இருந்தது. சாதாரண பிளக் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 1,380 வாட் தாங்கும். ஒன்றரை டன் ஏ.சி. மட்டுமே 1,800 வாட் வரை இழுக்கும். பிளக் உருகிப் போவதில் வியப்பில்லை.

ஆகவே உங்கள் காணிக்கை நான்கு காரியங்களுக்குப் பயன்படுகிறது.

முதலாவது, எர்த் குழி. 2.5 மீட்டர் நீள இரும்புக் குழாயைக் கரியும் உப்பும் இட்டுப் புதைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றிவர வேண்டும்.

இரண்டாவது, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று இது ஒப்பிடும். சிறிது கசிந்தாலும் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மழைக்குத் தாங்கும் மூடியுள்ள 16 ஆம்பியர் நீலநிற சாக்கெட்டும், 2.5 சதுர மி.மீ. மூன்று கம்பி கேபிளும். துளைகள் எப்போதும் மின்சாரம் வரும் பக்கம். ஊசிகள் வேனின் பக்கம். மாறினால், கழற்றிய முனையே ஆளைக் கொல்லும். கேபிளைச் சுருளாக விடாமல் முழுவதும் விரித்துப் போட வேண்டும்; சுருளில் சூடேறும். 16 ஆம்பியரும் 3,680 வாட்தான். ஏ.சி.யையும் 2,000 வாட் ஸ்டெரிலைசரையும் ஒன்றாகப் போடலாகாது.

நான்காவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கரண்ட் போனபின் நாம் ஓட்டும் ஜெனரேட்டரின் மின்சாரம் பின்வழியாய் லைனுக்குள் ஏறினால், கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிர் போகும். அவரும் ஒரு வீட்டின் தகப்பன் அல்லவா?

உங்கள் ஆலய வளாகத்துக்கு எந்த மருத்துவ வேன் வந்தாலும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு முதலில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். பிளக்கைக் கொடுக்கும் அன்பு பெரியது. அதோடு இந்தக் கவனமும் சேரட்டும். அந்த நர்ஸ் மறுவாரமே ஊழியத்துக்குத் திரும்பினார். இப்போது அவர்தான் முதலில் டெஸ்ட் பொத்தானை அழுத்துகிறார். அதன்பிறகே வேனின் கதவு திறக்கிறது.