தியானப் பயிற்சிக்குக் கட்டணம்: சட்டம் சொல்வதும் நாம் கேட்க வேண்டியதும்

போளூருக்கு அருகிலுள்ள திருமலைக் குன்றில் சோழ இளவரசி குந்தவையின் பெயரைத் தாங்கிய சமணக் கோயில் இருக்கிறது. அங்கேயே ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் நேமிநாதர் சிலை நிற்கிறது. தெற்கே திருவண்ணாமலைக்கு 1896இல் வந்து சேர்ந்த பதினாறு வயது இளைஞர், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர், எந்த வகுப்பிலும் சேர்ந்து தியானம் கற்றவரல்லர். தம்மைத் தேடி வந்தவர்களிடம் கட்டணம் கேட்டவருமல்லர். இத்தகைய மரபுகள் வாழ்ந்த நிலத்தில்தான் இன்று ஒரு கல்லூரி மாணவர், தியானம் என்றால் ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் கற்க வேண்டிய ஒன்று என்று எண்ணுகிறார். இந்த எண்ணம் எவ்வாறு உருவானது, இதற்குச் சட்டத்தின் ஆதரவு உண்டா, கட்டணமில்லாப் பயிற்சி உண்மையிலேயே இலவசம்தானா என்பவற்றை இங்கே பார்ப்போம்.

தடை புதிதல்ல

தவம் செய்யும் உரிமை எவருக்கு என்ற கேள்விக்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. உத்தரகாண்டத்தில் சம்பூகன் கொல்லப்படுவது திருடியதற்காகவோ பொய் சொன்னதற்காகவோ அல்ல. சூத்திரனாகப் பிறந்து தவம் செய்ததற்காக. 1936இல் வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இக்கதையை எடுத்துக்கொண்டு, தண்டனையின் அச்சமின்றி வருண முறை நிலைக்க முடியாது என்பதற்குச் சான்றாக வைத்தார்.

இன்றைய சட்டத்தில் அந்தத் தடைக்கு இடமில்லை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை அனைவருக்கும் சமமாக வழங்குகிறது. கட்டணம் வசூலிப்பதைத் தீண்டாமை என்று எந்தச் சட்டமும் கூறவில்லை; நாமும் அவ்வாறு வாதிட வரவில்லை. ஆனால் நிலமும் சேமிப்பும் சாதிவாரியாகக் குவிந்திருக்கும் சமூகத்தில், பணத்தால் அமைக்கப்படும் வாசல் யாரை உள்ளே விடும், யாரை வெளியே நிறுத்தும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், 1907இல் ஓர் இதழைத் தொடங்கியபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். விலையே பெயராயிற்று. அறிவைக் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலையில் கொடுப்பதே அவருடைய பௌத்தப் பணியின் ஒரு பகுதியாக இருந்தது.

மூச்சு யாருடைய சொத்து?

தியான முறை ஒன்றுக்கு ஒரு நிறுவனம் சொத்துரிமை கோர முடியுமா? நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் வணிகக்குறியாகப் பதிவு செய்யலாம். எழுதிய நூலுக்கும் எடுத்த காணொளிக்கும் பதிப்புரிமை பெறலாம். முறையையே சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டை மட்டுமே காக்கிறது என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும் கொண்ட தம் வரிசைக்கு உரிமை கோரிய பிக்ரம் சௌத்ரியின் தரப்பு வாதத்தை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் நிராகரித்தது.

மருத்துவ ஆய்வும் இதே திசையைக் காட்டியது. மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தில், கட்டணம் செலுத்தியவருக்கே மந்திரம் தனியாக வழங்கப்படும். அம்முறையைப் பயின்றவர்களை ஆராய்ந்த ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், எந்த ஒரு சொல்லையும் அமைதியாகத் திரும்பத் திரும்ப நினைத்தாலே உடல் அதே தளர்வு நிலையை அடையக்கூடும் என்று 1975இல் நூலாக எழுதி, செய்முறையையும் அதிலேயே வெளியிட்டார்.

நன்கொடையா, கட்டணமா?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு, அறப்பணி எது என்பதை வரையறுத்தது. 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வரையறைக்குள் கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்கு இணையாக யோகாவைத் தனியாகச் சேர்த்தது. இதன் விளைவு முக்கியமானது. 'பொதுப் பயன்பாடு' என்ற இனத்தில் வரும் அறக்கட்டளைகள் கட்டணம் வாங்கி நடத்தும் பணிகளுக்குச் சட்டம் ஒரு வரம்பு வைத்திருந்தது. யோகா தனி இனமானதால் அந்த வரம்பு அதற்குப் பொருந்தாமல் போயிற்று.

மறுபுறம், பதஞ்சலி யோகபீட அறக்கட்டளை வழக்கைப் பாருங்கள். 2006 முதல் 2011 வரை அது நடத்திய முகாம்களில் நுழைவுச் சீட்டின் தொகைக்கேற்பச் சலுகைகள் மாறின. பெற்ற தொகை நன்கொடை என்று அறக்கட்டளை வாதிட்டது. நன்கொடை என்ற பெயரில் வாங்கினாலும் அது கட்டணமே, எனவே சேவை வரி உண்டு என்று தீர்ப்பாயம் 2023இல் முடிவு செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் அதை உறுதிப்படுத்தியது.

கட்டணம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் வரிவிலக்கு என்பது மக்கள் பணத்தை அரசு விட்டுக்கொடுப்பது. அதைப் பெறும் நிறுவனம் மக்களுக்கு என்ன திருப்பித் தருகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற டெல்லித் தனியார் மருத்துவமனைகள் உள்நோயாளிகளில் 10 விழுக்காட்டினருக்கும் புறநோயாளிகளில் 25 விழுக்காட்டினருக்கும் இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வரிச் சலுகை பெறும் தியான, யோகா நிறுவனங்களுக்கும் இதுபோன்ற இலவச இடங்களைச் சட்டத்தால் கட்டாயமாக்கலாம்.

இலவசத்தின் மறைந்த விலை

கட்டணமின்றி முறையான பயிற்சி நடத்த முடியாது என்ற வாதத்துக்கு விபாசனா மரபு நேரடி மறுப்பு. பர்மாவில் லெடி சயாடோ என்ற பிக்கு, இல்லறத்தாருக்கும் தியானத்தைத் திறந்துவிட்டார். அவரிடம் கற்றுக் கற்பித்த சயா தெட்ஜி ஓர் உழவர். அவருடைய மாணவர் ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் தலைமைக் கணக்காயர். அவரிடம் பயின்ற எஸ்.என். கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம்களைத் தொடங்கினார். பத்து நாள் பயிற்சி, தங்குமிடம், உணவு எதற்கும் கட்டணமில்லை. ஒரு முகாமை முடித்தவர் மட்டுமே, விரும்பினால், அடுத்து வருபவருக்காக நன்கொடை தரலாம். சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் அதன் மையம் உண்டு. 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு ஒரே முகாம் நடத்தப்பட்டது.

எனினும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சேரும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்தால் பத்து நாள் முகாமுக்குப் பன்னிரண்டு நாள்கள் தேவை. 2025-26 நிதியாண்டில் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அதன்படி பன்னிரண்டு நாள் இழப்பு 4,032 ரூபாய். பயணச் செலவு தனி. மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்கள் விபாசனா முகாமுக்குச் செல்ல விடுப்பு அளிக்கிறது. போளூர் வட்டாரத்தில் நாற்று நடும் பெண்ணுக்கு அத்தகைய விடுப்பை அளிப்பவர் எவருமில்லை. கட்டணத்தை நீக்குவது முதல் படி. பயிற்சியை உழைப்பவரின் நேரத்துக்கும் ஊருக்கும் கொண்டு வருவது அடுத்த படி.

வழிகாட்டி தேவையா?

தேவை. தியானம் எல்லோருக்கும் எப்போதும் தீங்கற்றது என்று சொல்வது நேர்மையாகாது. தீவிரப் பயிற்சியின்போது சிலருக்கு அச்சம், உறக்கமின்மை, பழைய காயங்களின் நினைவு ஆகியவை கிளர்ந்தெழுவதை அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் பதிவு செய்தனர். வன்கொடுமைக்கு ஆளானவர்களிடம் கண்களை மூடி அமரச் சொல்வதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தீவிர முகாமுக்குச் செல்வது நல்லது. நாள்தோறும் சில நிமிடம் மூச்சைக் கவனிப்பது வேறு, பத்து நாள் மௌனம் வேறு. முன்னதை நண்பரிடமோ நூலிலோ கற்கலாம். பின்னதற்கு அனுபவமுள்ள ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியரின் தகுதி அவர் வாங்கும் தொகையால் அளக்கப்படுவதல்ல.

மனநலம் ஏற்கெனவே நம் சட்டபூர்வ உரிமை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு இலவசச் சிகிச்சையை உறுதி செய்கிறது. 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது. தியானப் பயிற்சியை இந்தப் பொதுச் சேவையின் ஒரு பகுதியாக அரசு சுகாதார நிலையங்களிலும் ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் மாலை வேளையில் வழங்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை. கற்பிப்பவர் அந்தந்த ஊரைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எந்த மதச் சடங்கும் மாணவர் மீது திணிக்கப்படக் கூடாது. வர மறுப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

நீதிக்கு மாற்றல்ல

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையால் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அக்குடும்பங்களின் துயரத்துக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகச் சிறிது உதவலாம். அவர்களுக்குச் சேர வேண்டியது நீதி. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் துன்பத்தின் வேரைத் தனிமனித மனத்துக்குள் மட்டும் தேடவில்லை. மனிதருக்கு மனிதர் இழைக்கும் அநீதியிலும் அதைக் கண்டார். மன அமைதியைப் பணம் வாங்கி விற்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான்.

போராடுபவருக்கும் தேர்வுக்குப் படிப்பவருக்கும் வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குபவருக்கும் மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி தேவைப்படுகிறது. ஆகவே அதை வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டாம், கடன் வாங்கிக் கற்கவும் வேண்டாம். உங்கள் ஊரிலோ கல்லூரியிலோ யாரேனும் தியான வகுப்பை விளம்பரப்படுத்தினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வாங்கும் தொகைக்குப் பற்றுச்சீட்டு தருவீர்களா? வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையா? ஏழை மாணவருக்கு எத்தனை இடம் இலவசம்? விடைகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.