பாதாளத்தில் இறங்கும் யந்திரக் கை

கும்பகோணம் என்றதும் மகாமகக் குளமும், வெற்றிலையும், டிகிரி காப்பியும் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு 2018-ம் ஆண்டில் ஒரு புது விருந்தாளி வந்தான். அவன் குளத்தில் முழுகவில்லை; நேரே பாதாளச் சாக்கடையில் இறங்கினான்!

அவன்தான் 'பாண்டிகூட்' என்னும் யந்திர மனிதன். பாண்டிகூட் என்றால் பெருச்சாளி. பொருத்தமான பெயர்தானே?

பிறந்த கதை

2015-ல் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழியில் இறங்கிய இரு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ டிரைவர் ஒருவரும் மாண்டார்கள். அந்தத் துயரம் கேரளத்து இளம் என்ஜினீயர்கள் சிலரை உலுக்கியது. அவர்களுடைய 'ஜென்ரோபோட்டிக்ஸ்' கம்பெனி இந்த யந்திரத்தை உருவாக்கியது.

குழிக்குள் காத்திருக்கும் எமன், ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது" என்று நம்பி இறங்குகிறவன் ஏமாந்து போகிறான். பாதுகாப்பில்லாமல் மனிதனை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆனால் பணம் உயிரைத் திருப்பித் தருமா?

எப்படி வேலை செய்கிறது?

யந்திரத்தின் ஒரு பகுதி குழியின் வாயருகே நிற்கும். மற்றொரு பகுதி உள்ளே இறங்கும். கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். கை நீண்டு மண்ணையும் கழிவையும் அள்ளி வாளியில் போடும். உள்ளே நடப்பதைக் காமிரா காட்ட, மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்குவார்.

கையிடம் கவனம்!

யந்திரக் கைக்கு வலிமை உண்டு, இரக்கம் கிடையாது. 1979-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் யந்திரக் கை தாக்கித் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

ஆகவே எந்த யந்திரக் கையானாலும், அது ஓடும்போது எட்டும் தூரத்துக்குள் ஆள் நிற்கக்கூடாது. தொழிற்சாலைகளில் சுற்றிலும் வேலி போடுகிறார்கள். அருகில் நின்று வேலை பழக்கும்போது வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய ஒரு சாண்தான். பழக்குபவர் கையில் ஒரு விசை இருக்கும். அளவாக அழுத்தினால் கை அசையும். பயந்து விட்டுவிட்டாலும், இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடும்.

பழைய யந்திரக் கையை வாங்கிப் பட்டறையில் நிறுத்துவோர் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தளத்தில் போல்ட்டுப் போட்டு இறுக்காமல் ஓட்டலாகாது. பிரேக் தேய்ந்திருந்தால், மின்சாரம் நின்றதும் கை தன் பாரத்தால் பொத்தென்று விழும். அவசர நிறுத்தப் பொத்தானை முதலில் சோதிக்க வேண்டும். பழுது பார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கியவர், இன்று மேலே நின்று விசையைப் பிடிக்க முடியும். மாலையில் அவர் நலமாக வீடு திரும்புவதற்காகத்தானே இந்தப் பெருச்சாளி பிறந்தான்!