மடிக்கணினித் திரையில் நிறம் வெளுப்பதேன்?

துணியின் உழைப்பை நூலும் நெருக்கமும் தீர்மானிக்கின்றன. ஆனால் அதன் விற்பனையை முதலில் தீர்மானிப்பது நிறமே என்பதை நெசவுத் தொழிலில் உள்ளோர் யாவரும் அறிவர். முன்னாளில் வாங்குவோர் கடைக்கு வந்து, சேலையை விரித்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பின்னரே விலை பேசினர். இன்றோ வாங்குவோரில் பலர் சேலையைத் தொடுவதற்கு முன்பே அதன் படத்தைத் திரையில் கண்டு பணம் அனுப்பிவிடுகின்றனர். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இணையத்தின் வழியாக விற்பனை செய்து வருகிறது. ஆகவே, திரையில் தோன்றும் நிறம் சரியா, தவறா என்பது கணினிக்காரர் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயமன்று. தறிக்கும் வயலுக்கும் உரிய விஷயமாகிவிட்டது.

நம் கோட்டக்குப்பம் புதுச்சேரியின் வடக்கெல்லையை ஒட்டியுள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து அவுரிச் சாயமிட்ட நீலத்துணி, 'கினி' என்னும் பெயரால், பிரெஞ்சு வணிகர் வழியே மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே பிசின் வாங்குவதற்கு அத்துணியே நாணயம்போல் வழங்கிற்று. அந்நாட்டு மக்கள் நீலத்தைக் கண்ணாலும், மணத்தை மூக்காலும், பதத்தைக் கையாலும் சோதித்த பின்னரே துணியை ஏற்றனர். ஐரோப்பாவில் செய்த போலித் துணிகள் அவர்களிடம் எளிதில் விலைபோகவில்லை. கடல் கடந்த வாடிக்கைக்காரர் நிறத்தில் எவ்வளவு கண்டிப்பானவர் என்பதற்கு இதுவே சான்று. இன்றைய வாடிக்கைக்காரருக்கு மணமும் பதமும் கிட்டுவதில்லை. கண் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அக்கண்ணுக்குத் திரை பொய் காட்டுமாயின், சேலை திரும்பி வரும். அனுப்பிய செலவும் நம் பெயரும் ஒருங்கே நஷ்டமாகும்.

நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு மடிக்கணினி உண்டு. 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் வழியாக மாணவர்க்குக் கிடைத்தவையும் அவற்றுள் அடங்கும். "அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறது, கறுப்புக் கரை சாம்பலாகத் தெரிகிறது, எந்திரம் கெட்டுவிட்டதா?" என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் எந்திரம் கெடுவதில்லை. காரணத்தை முறையாகத் தேடினால், செலவின்றியே பல வேளைகளில் குறை தீரும். அம்முறையை இங்கே விளக்குவோம்.

திரையில் நிறம் உண்டாகும் விதம்

சாயத்தொட்டியில் நிறங்களைக் கூட்டக் கூட்ட நூல் கறுத்து வரும். திரையிலோ சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கூட்டக் கூட்ட வெண்மை பிறக்கும். சாதாரண மடிக்கணினித் திரைக்குப் பின்னே வெள்ளை விளக்கொளி எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. அதன் முன்னே எண்ணற்ற நுண்ணிய கதவுகள் உள்ளன. கதவு திறந்தால் ஒளி, மூடினால் கறுப்பு. கதவு நன்றாக மூடாவிடினும், வெளியொளி திரையின்மேல் விழுந்து தெறித்தாலும், கறுப்பு சாம்பலாகும். அச்சாம்பலும் வெண்மையும் மற்ற நிறங்களிலும் கலக்கும். சாயத்தில் தண்ணீர் மிகுந்தால் நூல் எப்படி வெளுக்குமோ, அப்படியே படமும் வெளுக்கும். "வெளுத்த திரை" என்பதன் பொருள் இவ்வளவே.

குறை படத்திலா, திரையிலா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். வெளுத்துத் தெரியும் படத்தை மடிக்கணினியிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே நிறம் சரியாகத் தெரிந்தால், குறை இங்குள்ள திரையிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. அங்கும் வெளுத்தே தெரிந்தால், பெரும்பாலும் படமே பழுதுடையது.

படம் பழுதுபடக் காரணங்கள் சில உண்டு. கைப்பேசியின் லென்சில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் படம் முழுவதும் பனி மூடியதுபோல் இருக்கும். மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். வெயிலில் நேரடியாக எடுத்தால் ஒளி மிகுந்து நிறம் கரைந்துவிடும். காலை நேரத்து நிழல்வெளிச்சமே உத்தமம். மற்றொன்று சற்று நுட்பமானது. சில காமிராக்கள் படத்தை 'அடோபி ஆர்.ஜி.பி.' என்னும் விரிந்த நிற அளவில் பதிகின்றன. அந்த அளவை அறியாத செயலியில் அப்படம் மங்கலாகவே தோன்றும். காமிராவின் அமைப்பில் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இத்தொல்லை இராது. இது 1996-ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 1999-ஆம் ஆண்டில் சர்வதேச அளவாக ஏற்கப்பட்டது. விற்பனைப் படங்களுக்கு ஏற்றது இதுவே.

வெளியொளியும் பார்க்கும் கோணமும்

குறை திரையில் என்று தெரிந்ததும் எந்திரத்தைத் திறக்கவோ, அமைப்புகளை மாற்றவோ விரைய வேண்டாம். நம் கடற்கரை ஊரில் வாசலிலும் திண்ணையிலும் ஒளி மிகுதி. அவ்வொளி திரையில் பட்டால் எந்தத் திரையும் வெளுக்கும். எனவே சாளரம் திரைக்கு எதிரேயும் இல்லாமல், பின்னேயும் இல்லாமல், பக்கவாட்டில் இருக்கும்படி அமர்க. திரையை ஈரம் பிழிந்த மென்துணியால், எந்திரத்தை அணைத்த நிலையில், மெல்லத் துடைக்கவும்.

அடுத்தது கோணம். விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் 'டி.என்.' எனப்படும் திரை பொருத்தப்படுவதுண்டு. அதை நேராகப் பார்த்தால் ஒரு நிறம். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் வேறு நிறம். மூடியை முன்னும் பின்னும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் கறுப்பு கறுப்பாகத் தெரியுமாயின், அதுவே சரியான கோணம். 'ஐ.பி.எஸ்.' என்னும் திரையில் இத்தொல்லை மிகக் குறைவு.

அமைப்புகளில் பார்க்க வேண்டியவை

விண்டோஸ் உள்ள எந்திரத்தில், செட்டிங்ஸ் பகுதிக்குள் சிஸ்டம், அதற்குள் டிஸ்பிளே என்னும் பக்கத்தைத் திறந்து, கீழ்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவும். ஒன்றை மாற்றியதும் படத்தைப் பார்த்த பின்னரே மற்றொன்றுக்குச் செல்லுதல் நன்று. ஒரே சமயத்தில் பலவற்றை மாற்றினால் குணம் எதனால் வந்தது என்பது தெரியாது.

முதலாவது, எச்.டி.ஆர். இது மிகுந்த ஒளியுடைய திரைக்கென ஏற்பட்டது. அத்தகுதி குறைந்த திரையில் இயங்கினால் சாதாரணப் படங்கள் வெளுத்துப்போகும். இதை அணைத்துப் பார்க்கவும்.

இரண்டாவது, நைட் லைட். இது இரவில் நீல ஒளியைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். நிறம் பார்க்கும் வேளையில் இது கூடாது.

மூன்றாவது, மின்சிக்கனம். மின்சாரத்தில் செருகியிருக்கும்போது நிறம் சரியாகவும், பாட்டரியில் ஓடும்போது வெளுப்பாகவும் இருந்தால், காரணம் இதுவே எனக் கொள்ளலாம். பிரைட்னஸ் பகுதியில், படத்திற்கேற்ப ஒளியை மாற்றும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்தவும். இன்டெல் நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் செயலியிலும் இத்தகைய சிக்கன அமைப்பு ஒன்றுண்டு.

நான்காவது, அக்சஸிபிலிட்டி பக்கத்திலுள்ள கலர் ஃபில்டர்ஸ். பார்வைக் குறையுள்ளோர்க்கு உதவ ஏற்பட்ட இது, தவறுதலாக இயங்கினால் நிறங்கள் மாறும். சில வேளை முற்றும் மறைந்து சாம்பல் நிறமே எஞ்சும்.

ஐந்தாவது, நிறக் குறிப்பேடு. ஒவ்வொரு திரைக்கும் கலர் புரொஃபைல் என்னும் குறிப்பு உண்டு. வேறு திரைக்குரிய குறிப்பு சேர்ந்துவிட்டால் நிறம் பிழைபடும். கன்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்ட் என்பதைத் திறந்து, பொருந்தாத குறிப்பை நீக்கலாம். பின்னர் 'கலிபரேட் டிஸ்பிளே கலர்' என்னும் கருவி காட்டும் வழியில் ஒளியையும் கருமையையும் சீர்செய்யலாம்.

ஆறாவது, டிரைவர். விண்டோஸ் புதுப்பிக்கப்பட்ட பிறகு நிறம் மாறியதாயின், டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்னுமிடத்தைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்றிருந்தால், உரிய டிரைவர் இல்லை என்பது பொருள். எந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே அதைப் பெறுதல் வேண்டும்.

மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சிப் பெட்டியிலோ பெரிய திரையிலோ இணைத்துப் பார்ப்போர்க்கு வேறொரு தொல்லை நேரும். கணினி கருமைமுதல் வெண்மைவரை 0 முதல் 255 வரை எண்ணுகிறது. தொலைக்காட்சி 16 முதல் 235 வரை எண்ணுகிறது. கணினி 16-ஐக் கறுப்பாக அனுப்ப, திரை அதைச் சாம்பல் என்று கொண்டால், படம் முழுவதும் வெளுக்கும். கிராஃபிக்ஸ் செயலியில் 'லிமிடெட்' என்றிருப்பதை 'ஃபுல்' என்று மாற்றினால் கறுப்பு மீளும்.

எந்திரப் பழுதைக் கண்டறிதல்

இவ்வளவுக்கும் நிறம் திரும்பவில்லையெனில், எந்திரத்தை அணைத்து, மீண்டும் தொடங்கும்போது அதற்குரிய விசையை அழுத்திப் பயாஸ் பக்கத்திற்குச் செல்லவும். சில எந்திரங்களில் எஃப்2, சிலவற்றில் டெலீட் விசை இதற்குப் பயன்படும். அங்கே எதையும் மாற்றாமல் பார்த்தால் மட்டும் போதும். அப்பக்கம் விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னரே தோன்றுவது. அங்கும் கறுப்பு வெளுத்திருந்தால் குறை திரையிலோ, கீலின் வழியாகச் செல்லும் கம்பியிலோ இருக்கலாம். மூடியை அசைக்கையில் நிறம் மாறி மாறி வந்தால் கம்பியையே முதலில் ஐயுறுதல் வேண்டும். இனி இது பழுது பார்ப்பவர் வேலை. நாம் மேற்கூறியவற்றைச் சோதித்துவிட்ட விவரத்தை அவரிடம் சொன்னால், வீண்செலவு குறையும்.

பரிகாரமில்லாத குறை

சில திரைகள் பிறவியிலேயே நிறம் குறைந்தவை. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென வகுத்த என்.டி.எஸ்.சி. நிற எல்லையில் 45 சதவீதமே காட்டக்கூடிய திரைகள் மலிவான மடிக்கணினிகளில் உண்டு. எவ்வளவு திருத்தினாலும் அவற்றில் செறிந்த சிவப்பு வாராது. புதிதாக வாங்குவோர், 'ஐ.பி.எஸ்.' திரை, '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்னும் இரு சொற்களை விவரத்தாளில் பார்த்து வாங்குவது நலம். '72 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்றிருப்பினும் ஏறக்குறைய அதே அளவுதான்.

நல்ல திரைக்கும் எல்லை உண்டு. மயில் கழுத்து நிறத்தை எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமாக நெய்வதால், மடிப்புக்கு மடிப்பு அது மாறித் தோன்றுகிறது. ஒரே படம் அதில் ஒரு தோற்றத்தைத்தான் காட்ட வல்லது. சிறுவந்தாடு பட்டுச் சேலையாயினும், வேறு ஊர்ச் சேலையாயினும், இத்தகைய நிறத்துக்கு இரண்டு மூன்று கோணங்களில் படமெடுத்து அனுப்புதல் வேண்டும். வாடிக்கைக்காரரின் திரை எத்தகையது என்பதும் நமக்குத் தெரியாது. ஆதலால், பெரிய ஆர்டராயின் நூல் மாதிரியைத் தபாலில் அனுப்பி ஒப்புதல் பெற்ற பின்னரே பாவு ஓட்டுதல் விவேகம்.

உழவர்க்கு ஓர் எச்சரிக்கை

நெற்பயிரின் இலையைப் படமெடுத்து அனுப்பி யோசனை கேட்கும் வழக்கம் உழவரிடையே பரவியுள்ளது. வெளுத்த திரையில் நல்ல பச்சையும் மஞ்சளாகத் தோன்றும். அதை நம்பி யூரியாவை மிகுதியாக இட்டால், பணம் போவதோடு, இலைச் சுருட்டுப் புழுவும் புகையானும் குலை நோயும் பெருக இடமாகும். இதற்கு இலை வண்ண அட்டையே தக்க கருவி. நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாதபடி உடலால் மறைத்து, பத்துச் செடிகளின் இலைகளை அட்டையோடு ஒப்பிடவும். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்ணும், மற்ற இரகங்களுக்கு 4-ஆம் எண்ணும் எல்லை. பத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் எல்லைக்குக் கீழிருந்தால் மட்டுமே தழைச்சத்து இடவேண்டும். இதற்கு மின்சாரமும் வேண்டா, திரையும் வேண்டா.

சங்கங்கள் செய்யத்தக்கது

ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கமும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகிய நூல்களை ஓர் அட்டையில் வரிசையாகச் சுற்றி வைத்துக்கொள்ளலாம். நிழல்வெளிச்சத்தில் அதைப் படமெடுத்து அங்கத்தினர் யாவர்க்கும் அனுப்பலாம். அட்டையைச் சாளரத்தருகே கையில் பிடித்து, திரையிலுள்ள படத்தோடு ஒப்பிட்டால், எந்தத் திரை எவ்வளவு பிழையாகக் காட்டுகிறது என்பது சில நிமிடங்களில் விளங்கும். சாயம் வெயிலில் மங்குமாதலால், அட்டையை உறையிலிட்டு வைத்து, ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். இதற்குச் சில முழம் நூலே செலவு. விற்பனைக்கென எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இவ்வட்டையை ஓரத்தில் வைத்து எடுத்தால், படத்தின் நிறம் பிழைத்ததா என்பதையும் உடனே கண்டுகொள்ளலாம். அங்கத்தினர்கள் இம்மாதத்திலேயே இதனைத் தொடங்குவார்களாக.