ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு நூலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹார்வி கம்பெனி காலத்து நூற்பாலையை நம்பித் தலைமுறைகள் வாழ்ந்த ஊர். இழை அறுந்தால் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டால் கதிர் மறுபடி சுற்றும் என்பது அங்கே பாலபாடம். அதனால்தான், அரிவாளோ கண்ணாடியோ பட்டு மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தையலும் போட்டு வந்த பிறகு வீட்டார் கேட்கிறார்கள்: "அதான் ஒட்ட வச்சாச்சுல்லா, பொறவு ஏன் வெரலு மரத்தே கெடக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் நரம்பு நூல் அல்ல. அதிலுள்ள ஒவ்வொரு இழையும் முதுகுத்தண்டுக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ இருக்கும் ஓர் உயிரணுவின் நீண்ட வால். அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள வால் செத்துக் கரைந்துவிடும். தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850இல் இதைச் சொன்னவர் ஆகஸ்டஸ் வாலர். தலைமுடியைவிட மெல்லிய தையல் நூலால் மருத்துவர் தைப்பது வெளியுறையைத்தான். உள்ளிருக்கும் இழை மேலிருந்து புதிதாக வளர்ந்து இறங்க வேண்டும்.

அதற்கு வழி காட்டுபவை ஷ்வான் செல்கள். நரம்பிழைக்கு உறையாக இருந்த இவை, காயம் பட்டதும் வேலையை மாற்றிக்கொள்கின்றன. செத்த குப்பையை அகற்றி, வரிசையாக நின்று, வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. இழையின் நுனி அந்தப் புரதத்தைப் பற்றியதும், சாகாமல் வளரும்படி மேலே இருக்கும் உயிரணுவுக்குச் செய்தி போகிறது.

இவற்றில் முதலில் சிக்கியது என்.ஜி.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிக் காரணி. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியில் தன் படுக்கையறையிலேயே கோழிக் கருக்களை ஆராய்ந்த ரீட்டா லெவி மொன்டால்சினி, 1950களில் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனுடன் சேர்ந்து அதைக் கண்டறிந்தார். அது செறிந்து கிடைத்த இடம் பாம்பு விஷம்! நம் நல்ல பாம்பின் விஷத்திலும் உண்டு. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் ஊசியாகப் போட்டுவிடலாமே? 1990களில் நீரிழிவு நரம்புப் பாதிப்புக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் வலித்தது. பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. விலங்குகளில் இன்னொரு காரணியை ஓரிடத்தில் அளவுக்கு மீறிக் கொடுத்தபோது, இழைகள் மேலே போகாமல் அங்கேயே சுருண்டுகொண்டன. அளவும் இடமும் நேரமும் கூடிவர வேண்டும். கண்ணின் கருவிழி நரம்பு கெட்டவர்களுக்கு மட்டும் என்.ஜி.எஃப். சொட்டு மருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

புது இழை நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வர ஆறு மாதம் ஆகலாம். மருத்துவர் நரம்பின் பாதையில் விரலால் தட்டிக்கொண்டே வருவார். சுள்ளென்று மின்னும் இடம் வரை நரம்பு வந்திருக்கிறது என்று கணக்கு. தோள் பக்கம் அறுந்தால் கை வந்து சேர ஒரு வருடம் தாண்டும். அதற்குள் ஷ்வான் செல்களின் சுரப்பு வற்றிவிடும், தசையும் சூம்பிப்போகும். நாள் கடத்துவது அதனால்தான் ஆபத்து.

அறுந்த நரம்பைச் சத்து மாத்திரை ஒட்டாது. வெட்டுப்பட்டு விரல் மரத்தால், தோல் கூடிவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி, ஹைகிரவுண்டு போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கேட்டுப் போங்கள்.