ரிங் ரோட்டுக்கு எத்தனை கிலோ சக்கரம்?

வண்டி வைத்திருப்போருக்கு – 9

சரோஜினி நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மத்திய அரசு ஊழியர். மாருதி ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார், கம்பெனியில் வந்த 14 அங்குல இரும்புச் சக்கரத்தோடு. “எடை குறைந்த அலாய் வீல் போட்டால் மைலேஜ் ஏறும், பிக்கப் கூடும், வண்டி குலுங்காது என்கிறார்கள் சார். நாலுக்கும் சேர்த்து முப்பதாயிரம் ஆகும் போலிருக்கிறது. தினமும் ஆபீஸ் போய்வரத்தான் வண்டி. போடலாமா?”

முப்பதாயிரம் சின்னத் தொகை இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செலவழிக்கிறவருக்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும். அதனால் இந்த வாரம் முழுக்கச் சக்கரம்தான்.

முதலில் அவர் ஓட்டும் சாலையைப் பார்ப்போம். சரோஜினி நகரிலிருந்து ஐ.என்.ஏ. வழியாக அரவிந்தோ மார்க் பிடித்து அமைச்சகக் கட்டடங்கள் பக்கம் போனால் ஏழெட்டு கிலோமீட்டர். சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று போகும் ஓட்டம். 2021-இல் டெல்லி போக்குவரத்து போலீஸ் வகுத்த வரம்பின்படி குடியிருப்பு, மார்க்கெட் தெருக்களில் 30 கிலோமீட்டர் வேகம்தான். பெரிய சாலைகளிலும் 70-ஐத் தாண்டக் கூடாது. போதாக்குறைக்கு சரோஜினி நகர், நேதாஜி நகர் என்று பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் வேலை பல வருடமாக நடக்கிறது. கட்டுமான லாரிகள் ஏறி இறங்கும் தெருக்களில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. இந்த ஓட்டத்துக்கு, இந்தத் தெருவுக்கு எது பயன் என்பதுதான் கேள்வி.

இலேசான சக்கரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணத்தில் உண்மை இருக்கிறது. காரின் மற்ற பாகங்கள் முன்னால் நகர்ந்தால் போதும். சக்கரமோ நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். இரண்டுக்கும் எஞ்சின்தான் சக்தி கொடுக்கிறது. அதனால் சக்கரத்தில் உள்ள ஒரு கிலோ, டிக்கியில் உள்ள ஒரு கிலோவைவிடக் கூடுதலாக எஞ்சினை உழைக்க வைக்கும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் கடைப் பேச்சு எல்லை மீறுகிறது. “வீலில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்த மாதிரி” என்று கூசாமல் சொல்கிறார்கள். அப்படி இருக்கவே முடியாது. எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பில் இருந்தால்கூட அது இரண்டு மடங்காகத்தான் கணக்காகும். பள்ளிக்கூட இயற்பியல் போட்டிருக்கும் எல்லை அது. ரிம் டயருக்கு உள்ளே இருக்கிறது. அதன் எடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் கணக்காகும். விளிம்பில் நிஜமாகவே சுமை சேர்ப்பது டயர். ரிம்மை இலேசாக்கிவிட்டுக் கனத்த டயரை மாட்டினால் கொடுத்த காசு வீண்.

இப்போது வாசகரின் ஸ்விஃப்டுக்கு வருவோம். இரண்டு பேர் உட்கார்ந்தால் வண்டி ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். புது வீலால் சக்கரத்துக்கு ஒன்றரை கிலோ குறைகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். நான்குக்கும் ஆறு கிலோ. ஒன்றரை மடங்கு போட்டால் ஒன்பது கிலோ. ஆயிரத்தில் ஒன்பது, அதாவது நூற்றுக்கு 0.9. டிக்கியில் வாரக்கணக்கில் கிடக்கும் பத்து கிலோ அரிசி மூட்டையை வீட்டில் இறக்கி வைத்தாலும் ஏறக்குறைய இதே லாபம் கிடைக்கும். பிக்கப்பில் இந்த வித்தியாசத்தைக் காலால் உணர முடியாது.

மைலேஜ்? பெட்ரோல் முழுவதும் எடையை இழுக்கவே செலவாகிறது என்று வீலுக்குச் சாதகமாகவே எண்ணுவோம். உண்மையில் காற்றைக் கிழிக்க, ஏ.சி. ஓட, சிக்னலில் நின்றுகொண்டே எஞ்சின் இயங்க எல்லாவற்றுக்கும் பெட்ரோல் போகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டி என்றால் சுமார் 667 லிட்டர். அதில் 0.9 சதவீதம் ஆறு லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 570 ரூபாய் மிச்சம். முப்பதாயிரம் திரும்பி வர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகும். டெல்லியில் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாட்டை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை அமல்படுத்துவது பற்றிய வழக்கு பிறகும் ஓயவில்லை. ஐம்பது ஆண்டு ஓடப்போகும் வண்டி எதுவும் நம்மிடம் இல்லை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது காற்று. நான்கு டயரிலும் காற்றழுத்தம் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வாகன ஓட்டிகளுக்குச் சொல்லும் கணக்கு. டெல்லிக் குளிர் இதில் செய்யும் வேலையைப் பலர் கவனிப்பதில்லை. அக்டோபர் மத்தியானம் 34 டிகிரியில் பெட்ரோல் பங்கில் 33 அடித்துவிட்டு வருகிறோம். ஜனவரி விடியற்காலையில் ஏழு டிகிரி. ஓட்டை இல்லை, பஞ்சர் இல்லை, ஆனாலும் வெப்பம் இறங்கியதாலேயே டயருக்குள் நான்கு பி.எஸ்.ஐ. போய்விட்டிருக்கும். தீபாவளிக்கு அடித்த காற்றோடு பொங்கல்வரை ஓட்டினால் 0.8 சதவீதம் நஷ்டம். முப்பதாயிரம் கொடுத்து வாங்கப் போகும் லாபம் முழுவதும் ஒரு குளிர்காலத்தில் காற்றாகப் போய்விடும்! அதை மீட்க ஆகும் செலவு பங்கில் நிற்கும் ஐந்து நிமிடம்தான்.

“குலுங்காது” என்ற வாதம் மைலேஜ் வாதத்தைவிட வலுவானது. ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பது வண்டி. கீழே இருப்பது சக்கரம், டயர், பிரேக், அச்சு முனை எல்லாம். கீழே உள்ளது எவ்வளவு இலேசோ, பள்ளத்தில் இறங்கிய சக்கரம் அவ்வளவு சீக்கிரம் ஏறி மறுபடி தரையைப் பிடிக்கும். மூலைக்கு முப்பது கிலோ சொச்சத்தில் ஒன்றரை கிலோ குறைவது உணரத்தக்கதுதான், நல்ல ஷாக் அப்சார்பர் இருந்தால். பந்தயக்காரர்கள் சக்கரத்தில் கிராம் கணக்குப் பார்ப்பது இதற்காகத்தான். 1924-இல் லியோன் பந்தயத்துக்கு வந்த புகாட்டி டைப் 35 கார் வார்ப்பு அலுமினியச் சக்கரத்தோடு இறங்கியது. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த டி.இ.37 சக்கரத்தின் பெயரிலேயே எடை இருக்கிறது: 15 அங்குலச் சக்கரம் 3.7 கிலோ. ஒரு சுற்றுக்கு அரை நொடி மிச்சமானாலும் அங்கே வெற்றி தோல்வி மாறும். ரிங் ரோட்டில் அந்த அரை நொடியை அடுத்த சிவப்பு விளக்கு எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கடையில் பெரும்பாலும் நடப்பது வேறு. இலேசான சக்கரம் கேட்டுப் போகிறவர் பெரிய சக்கரத்தோடு திரும்பி வருகிறார். பார்க்க எடுப்பாக இருக்கும் என்று 16, 17 அங்குலத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். சக்கரம் பெரிதானால் எடை கூடும். கூடிய எடையும் வெளி விளிம்பை நோக்கித் தள்ளிப் போகும். வாங்க வந்த காரணமே அங்கு அடிபட்டுப் போகிறது.

அதைவிட முக்கியம் டயரின் பக்கச் சுவர். ஸ்விஃப்டின் கீழ் மாடல்களில் வரும் 165/80 ஆர் 14 டயரில் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 132 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது. மேல் மாடலில் வரும் 185/65 ஆர் 15-இல் 120 மில்லிமீட்டர். 205/45 ஆர் 17 போட்டால் 92. மொத்த உயரம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே; ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. போனது நான்கு சென்டிமீட்டர் ரப்பர். நம் இடுப்புக்கும் சாலைக்கும் நடுவே இருந்த மெத்தை அதுதான். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஏறுவது தெரியாமல் ஏறி இறங்கலாம். காலனித் தெருக்களில் இருப்பவையோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்பவை. 92 மில்லிமீட்டர் ரப்பரோடு தினமும் இதில் ஏறி இறங்கினால் முதலில் டயரின் பக்கச் சுவர் வீங்கும், பிறகு ரிம் அடிவாங்கும்.

அடிவாங்கும்போது இரும்புக்கும் அலாய்க்கும் உள்ள பேதம் தெரியும். இரும்பு வளையும், பஞ்சர் கடையிலேயே தட்டி நிமிர்த்திவிடலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். விரிசலுக்கு வெல்டிங் வைத்து பாலிஷ் போட்டுக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து அந்த வீலை மாட்டி ஓட்டாதீர்கள். சூடு பட்ட இடத்தில் உலோகத்தின் வலு குறைந்துவிடும். அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அலாய் என்றாலே இலேசு என்ற எண்ணமும் சரியல்ல. அச்சில் ஊற்றி வார்க்கும் சாதாரண அலாய் வீல் உறுதியாக இருக்க வேண்டுமானால் தடிமனாக இருந்தாக வேண்டும். அப்படிச் செய்தது அதே அளவு இரும்புச் சக்கரத்தின் எடையை எட்டிவிடும், சில சமயம் தாண்டிவிடும். வார்த்தபின் சூட்டோடு உருளைகளால் அழுத்தி விளிம்பை மெல்லியதாக இழுக்கும் முறையிலும், கட்டி அலுமினியத்தை அழுத்திச் செய்யும் ஃபோர்ஜிங் முறையிலும்தான் எடை குறைந்தும் வலு இருக்கும். இரண்டும் விலை கூடியவை, ஃபோர்ஜிங் மிகவும். ஆகவே விலையும் குறைவு, எடையும் குறைவு என்று ஒரு வீலைக் காட்டினால் எனக்குப் பயம்தான் வரும். வலுவைக் குறைத்துத்தான் அந்த எடையைக் குறைத்திருப்பார்கள்.

கடையில் வீலைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கம் வெறும் பாலிஷ். விவரம் எல்லாம் பின்னால்தான். அகலமும் விட்டமும், ஈ.டி. என்ற ஆஃப்செட் எண், தாங்கும் எடை கிலோவில், தயாரித்த மாதம், இவை வார்ப்பிலேயே புடைப்பாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளோ இருக்கிறதா பாருங்கள். இத்தகைய தரச் சோதனைகளில் சக்கரத்தை வளைத்து வளைத்துச் சுழற்றுவார்கள், சுமை ஏற்றி ஓடவிடுவார்கள், விளிம்பில் எடையைப் போட்டு மோதுவார்கள். சென்னை பாடியில் 1960-களிலிருந்து சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகளிலிருந்து வண்டிக் கம்பெனிக்குப் போகும் சக்கரம் இத்தகைய சோதனைகளைத் தாண்டித்தான் போகிறது. நாம் கழற்றிப் பழைய இரும்புக்காரருக்குப் போட நினைக்கும் சக்கரமும் அப்படி வந்ததுதான்.

துளைகளையும் எண்ணிப் பாருங்கள். நான்கு போல்ட் வண்டிக்கான வீலில் எட்டுத் துளை இருந்தால் அது இரண்டு வகை வண்டிகளுக்குப் பொதுவாகத் துளைத்தது. நடுத்துளையும் அப்படியே. ஸ்விஃப்டுக்கு வேண்டியது 54 மில்லிமீட்டர் சொச்சம். பொது வீல்களில் 67, 73 என்று பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது. 70-இல் ஸ்டியரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது. ஸ்டெப்னி பெரும்பாலும் இரும்பாகவே இருக்கும் என்பதால் அதற்குரிய பழைய நட்டுகளைத் தூக்கிப் போடாமல் வண்டியிலேயே வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உங்கள் மாடலுக்கு வண்டிக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் இருந்துகொண்டால் இந்தக் கவலை இல்லை. மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத வீல் உடைந்தால் பணம் வருவது கஷ்டம்.

சரோஜினி நகர் வாசகருக்கு என் பதில் இது. மைலேஜுக்காகவும் பிக்கப்புக்காகவும் போடாதீர்கள். உங்கள் டயருக்கு வயதாகியிருந்தால் அந்த முப்பதாயிரத்தில் நல்ல டயர் நான்கு வாங்கி, அலைன்மென்ட், பேலன்சிங் செய்து, தேய்ந்த ஷாக் அப்சார்பரையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு அதைவிட நல்ல செலவு கிடையாது. வண்டி அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதில் தப்பே இல்லை. உங்கள் ஸ்விஃப்டின் மேல் மாடலுக்கு வரும் 15 அங்குல அலாயையே, 185/65 டயரோடு போடுங்கள். அதைத் தாண்டிப் போகாதீர்கள். டெல்லியில் கரோல் பாகிலோ, சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ, எங்கே வாங்கினாலும் உங்கள் பழைய சக்கரத்தையும் புது வீலையும் டயர் இல்லாமல் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை போட மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

(தொடரும்)